இரவை மறவாத ஈ: ஒளி, மரபு, முதுமை குறித்த ஓர் ஆய்வு வரலாறு

ஆரியங்கோடு, பாறசாலை முதலிய நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் சக்கை பழுக்கும் காலம் வந்துவிட்டால், கூடவே ஒரு சிற்றுயிரும் வந்துவிடும். கூழன் சக்கையின் சுளை ஒன்று திண்ணையில் கிடந்தால் போதும். சிறிது நேரத்தில் அதன்மேல் நுண்ணிய ஈக்கள் மொய்க்கும். பனையிலிருந்து இறக்கிய அக்கானி புளிக்கத் தொடங்கினால் கலயத்தின் விளிம்பிலும் அவற்றைக் காணலாம். மூன்று மில்லிமீட்டர் அளவேயான உடல், செங்கல் நிறக் கண்கள், கண்ணாடி போன்ற இரு சிறகுகள். கலயத்தை மூடி ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்துத் தட்டினால், அவ்வளவு ஈக்களும் வெளிச்சம் வரும் பக்கமாகவே விரையும்.

இந்த ஈக்குத் தமிழில் தனிப்பெயர் நிலைபெறவில்லை. பாடநூல்கள் இதனைப் ‘பழ ஈ’ என்கின்றன. ஆனால் மாம்பழத்தையும் பாகற்காயையும் துளைத்து உள்ளே முட்டையிடும் வேறொரு ஈக்குடும்பத்தையும் வேளாண் துறையினர் அதே பெயரால்தான் அழைக்கின்றனர். எல்லைக்கு மேற்கே மலையாளம் இதனையும் பொதுவாக ‘ஈச்ச’ என்று சொல்லி அமைகிறது. அறிவியல் இதற்கு இட்ட பெயர் டிரோசோஃபிலா. 1823இல் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாலன். கிரேக்க மொழியில் ‘டிரோசோஸ்’ என்றால் பனித்துளி. ‘ஃபிலோஸ்’ என்றால் விரும்புவது. பனித்துளியை விரும்பும் உயிர் என்பது பெயரின் பொருள். சமையலறையில் அழுகிய வாழைப்பழத்தின்மேல் பறக்கும் ஈக்கு இது பொருந்தாப் பெயராகத் தோன்றலாம். பெயர் சூட்டியவர் அறிந்தோ அறியாமலோ, அச்சொல்லுக்குள் ஒளிக்கும் இந்த ஈக்குமான உறவின் முதன்மையான உண்மை ஒன்று அடங்கிக் கிடந்தது. அது வெளிப்பட ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கதையின் முக்கியமான சில அத்தியாயங்கள் மதுரையிலும் பெங்களூரிலும் எழுதப்பட்டன.

ஒளியை நோக்கி ஓடும் இவ்வியல்பை ‘ஒளிநாட்டம்’ என்பர். 1905இல் ஃபிரெடெரிக் கார்ப்பென்ட்டர் என்னும் அமெரிக்க விலங்கியலாளர், ஒளிக்கும் புவியீர்ப்புக்கும் அசைவுத் தூண்டலுக்கும் இந்த ஈ எவ்வாறு எதிர்வினை காட்டுகிறது என்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் விலங்குகளின் நடத்தையைப் பற்றி வலுவாக நிலவிய கருத்து ஜாக் லோப் என்பவருடையது. செடி ஒளியை நோக்கி வளைவது போலவே விலங்கும் ஒளியால் இழுக்கப்படுகிறது. அதில் தேர்வோ விருப்போ இல்லை. உயிர் ஓர் இயந்திரம் என்பது அவர் கொள்கை. கலயத்தைத் தட்டியதும் ஒளிப்பக்கம் ஓடும் ஈ இக்கொள்கைக்கு அருமையான சான்றாகத் தோன்றியது.

எல்லா ஈக்களும் ஒரே இயந்திரமாக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வுக்கூடத்தில், செந்நிறக் கண்ணுள்ள ஈக்களுக்கு நடுவே வெண்ணிறக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்று கண்டறியப்பட்டது. மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்னும் பேருண்மைக்கு அந்த ஈ வழி திறந்தது. அதன்பின் உடல் நிறத்திலும் சிறகின் வடிவிலும் வேறுபட்ட பிறழ்வு ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. 1918இல் ராபர்ட் மெக்கீவன் இப்பிறழ்வு ஈக்களை ஒளியின்முன் வைத்துச் சோதித்தார். பழுப்பு நிற உடல் கொண்ட ஒரு வகை ஈ ஒளியைப் பொருட்படுத்தவே இல்லை. உடல் நிறத்தை மாற்றிய மரபணு ஒளிநாட்டத்தையும் அழித்திருந்தது. அவர் கண்ட இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. இயல்பான ஈயின் சிறகுகளை நறுக்கிவிட்டால் அதன் ஒளிநாட்டமும் குன்றியது. கண்ணில் எந்தக் கேடும் இல்லை. ஊறுபட்டது சிறகு மட்டுமே. பார்வை பழுதின்றி இருக்கும்போது நாட்டம் ஏன் குறைய வேண்டும்? இக்கேள்விக்குரிய மறுமொழி ஏறத்தாழ நூறாண்டு காத்திருந்தது.

ஒளிநாட்டம் மரபுவழி இறங்குகிறது என்றால், ஆடு மாடுகளைத் தேர்ந்து இனம் பெருக்குவது போல அதனையும் கூட்டவோ குறைக்கவோ இயல வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஜெரி ஹிர்ஷ் இவ்வழியில் ஆய்வைத் தொடங்கினார். 1964இல் ஹாட்லர் என்பவர் கிளை கிளையாகப் பிரியும் புதிர்ப்பாதை ஒன்றில் ஈக்களை விட்டார். ஒவ்வொரு கிளையிலும் ஒளிப்பக்கம் ஒரு வழி, இருள்பக்கம் ஒரு வழி. ஒளியையே தொடர்ந்து தேர்ந்த ஈக்களைத் தனியாகவும், இருளையே தேர்ந்தவற்றைத் தனியாகவும் இனம் பெருக்கச் செய்தார். தலைமுறைகள் செல்லச் செல்ல ஒளி விரும்பும் குலம், இருள் விரும்பும் குலம் என இரண்டு குலங்கள் உருவாயின. ஒரே மூதாதையரின் வழித்தோன்றல்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

பரிணாம மரபியலின் முன்னோடிகளுள் ஒருவரான தியடோசியஸ் டாப்ஷான்ஸ்கி இதே வகைத் தேர்வைச் செய்தபின் இன்னொன்றையும் செய்து பார்த்தார்: தேர்வதை நிறுத்தினார். அவருடைய கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய நடுநிலையை நோக்கித் திரும்பின. மனிதன் வளைத்த பண்பு, கைவிட்டதும் மெல்ல நிமிர்ந்தது. ஒரு பண்பு எவ்வளவு மாறக்கூடியது, எவ்வளவு மாற மறுப்பது என்ற இரு கேள்விகளும் ஒரே ஈக்குள் இருப்பதை இச்சோதனை காட்டியது.

இதுவரை ஆய்வாளர் கண்டது பல மரபணுக்கள் கலந்த விளைவு. தனித்தனி மரபணுவைப் பிரித்தறியும் வழியை 1967இல் காட்டியவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சேமூர் பென்சர். இயற்பியல் பயின்று உயிரியலுக்கு வந்தவர் அவர். அவர் உருவாக்கிய கருவி மிக எளியது. இரண்டு வரிசைச் சோதனைக் குழாய்கள் எதிரெதிராக அமைந்திருக்கும். ஈக்களைத் தட்டி ஒரு முனைக்கு இறக்கி, மறுமுனையில் விளக்கை வைத்துச் சில நொடிகள் விடுவார். ஒளியை நோக்கி வந்தவை எதிர்க்குழாய்க்குச் செல்லும். வாராதவை முதற்குழாயிலேயே தங்கும். ஒரு வரிசையை ஒரு படி நகர்த்தி மீண்டும் அவ்வாறே செய்வார். நான்கைந்து முறை செய்தபின், எப்போதும் ஒளிக்கு ஓடுபவை ஒரு கோடியிலும், ஒருபோதும் ஓடாதவை மறுகோடியிலும், இடைப்பட்டவை நடுவிலுமாகப் பிரிந்து நிற்கும். முறத்தில் நெல்லும் பதரும் பிரிவது போன்ற வேலைதான். ஆனால் இம்முறம் பிரித்தது நடத்தையை.

பதராக ஒதுங்கிய ஈக்களே பென்சருக்கு வேண்டியவை. அவற்றுள் சில குருடு. சில நடக்க இயலாதவை. சில பார்த்தும் அசையாதவை. பார்வையின் ஒவ்வொரு படியும் எந்த மரபணுவைச் சார்ந்துள்ளது என்பதை இத்தகைய ஈக்களின் வழியாக ஆய்வுலகம் பிரித்தறிந்தது. ஈயின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 750 சிறு கண்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் செல்கள். இயல்பான ஈ, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் இடையே தேர வேண்டியிருந்தால் புறஊதாவையே நாடும். ஏழாம் செல் உருவாகாத ஒரு பிறழ்வு ஈயோ மற்ற ஒளியை நோக்கிச் சென்றது. ஒரு மரபணு மாறியதால் ஒரு செல் இல்லை. ஒரு செல் இல்லாததால் விருப்பம் திசை மாறிற்று.

1971இல் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்டு கொனோப்காவும் இன்னும் ஆழமான ஓரிடத்தைத் தொட்டனர். ஒளியை நோக்கி ஓடுவது நொடிப்பொழுதில் நிகழும் எதிர்வினை. அதே ஈ ஒளிக்கு ஒருநாள் நீளத்திலும் எதிர்வினை காட்டுகிறது: பகல் இரவு என்னும் சுழற்சியை உடலுக்குள் ஒரு கடிகாரமாக வைத்திருக்கிறது. முழு இருளில் அடைத்தாலும் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, ஒருமுறை அடங்கும். கொனோப்கா மூன்று பிறழ்வு ஈக்களைக் கண்டார். ஒன்றின் நாள் 19 மணி நேரம்; மற்றொன்றின் நாள் 28 மணி நேரம்; மூன்றாவதற்கு நாளென்பதே இல்லை. மூன்று பிறழ்வுகளும் எக்ஸ் குரோமோசோமின் ஒரே மரபணுவில் அமைந்திருந்தன. காலத்தை உணர்வதற்கு மரபணு உண்டு என்பதை அக்காலத்து அறிஞர் பலர் எளிதில் ஏற்கவில்லை. பின்னர் அதே மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொனோப்கா அப்பிறழ்வுகளைக் கண்டுபிடிக்கக் கவனித்த நிகழ்வு, கூட்டுப்புழுவின் ஓட்டை உடைத்துக்கொண்டு முதிர்ந்த ஈ வெளிவரும் நேரம். வாழ்நாளில் ஒருமுறையே நிகழும் இச்செயல் பெரும்பாலும் விடியலை ஒட்டியே நிகழும். பனிவிரும்பி என்ற பெயரின் உட்பொருள் இங்கேதான் வெளிப்படுகிறது. ஓட்டிலிருந்து வெளிவந்த ஈயின் தோல் மென்மையானது, சிறகு சுருண்டிருக்கும். வெயிலேறிய உலர்காற்றில் அது வெளிவந்தால் உடலின் நீர் ஆவியாகிச் சிறகு விரியாமலே போகக்கூடும். காற்றில் ஈரமிருக்கும் பனிப்பொழுதே பாதுகாப்பானது. உயிர்க் கடிகார ஆய்வின் தந்தையருள் ஒருவரான காலின் பிட்டென்ட்ரி இவ்விளக்கத்தை முன்வைத்தார். மண்ணுக்கடியிலோ பழத்துக்குள்ளோ இருளில் கிடக்கும் கூட்டுப்புழு, விடியலை முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. கடிகாரம் இல்லாமல் அது இயலாது.

இவ்வாய்வுத் துறையின் மற்றொரு தந்தை ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் பியூனிங். 1930களில் அவரை எதிர்கொண்ட ஐயம் எளியது: இக்காலவுணர்வு பிறப்பிலேயே வருவதா, வெளியுலகின் பகலிரவைப் பார்த்துக் கற்பதா? வெவ்வேறு கால அளவுடைய அவரைச் செடிகளைக் கலந்து, கால அளவு மரபுவழி இறங்குவதைக் காட்டினார். ஈக்களைப் பகலிரவு வேறுபாடில்லாத சூழலில் 15 தலைமுறை வளர்த்தும், அவற்றின் காலவுணர்வு அழியவில்லை என்று 1935இல் அறிவித்தார்.

இதே பியூனிங்கின் டூபிங்கன் நகரத்துக்கு 1960களில் இந்தியாவிலிருந்து சென்ற இளம் விலங்கியலாளர் எம். கே. சந்திரசேகரன். அவர் அங்குத் தேர்ந்த உயிர் டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கியூரா என்னும் ஈ. முழு இருளில் வைத்த கூட்டுப்புழுக்களின்மீது இரவின் வெவ்வேறு வேளைகளில் சிறிதளவே ஒளியைப் பாய்ச்சி, அடுத்தடுத்த நாள்களில் ஈக்கள் வெளிவரும் நேரம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். இரவின் முற்பகுதியில் விழுந்த ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது. பிற்பகுதியில் விழுந்த ஒளி முன்னுக்கு இழுத்தது. ஒளி ஒன்றே, அது விழுந்த வேளை வேறாதலால் விளைவு எதிரானது. 1973இல் வொல்ஃப்காங் எங்கல்மானுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், இவ்விரு வேளைகளிலும் கடிகாரத்தை நகர்த்தத் தேவைப்படும் நீல ஒளியின் ஆற்றலும் வேறுபடுவதைக் காட்டினார்.

மூலக்கூறு உயிரியல் பின்னாளில் இதன் உள்ளமைப்பை விளக்கியது. இரவில் ஈயின் கடிகார நியூரான்களில் இரண்டு புரதங்கள் மெல்லத் திரண்டு, செல்லின் கருவுக்குள் சென்று, தம்மை உருவாக்கும் மரபணுக்களையே அடக்குகின்றன. பின்னர் அவை சிதைய, அடக்கம் நீங்கி, மறுசுற்று தொடங்குகிறது. கிரிப்டோகுரோம் என்னும் நீல ஒளியுணர் புரதம் ஒளி பட்டதும் அவ்விரண்டில் ஒன்றைச் சிதைக்கத் தூண்டுகிறது. இரவின் தொடக்கத்தில் சிதைந்தால் திரளும் வேலையை மீண்டும் தொடங்க வேண்டும், கடிகாரம் பின்தங்கும். இரவின் முடிவில் சிதைந்தால் இயல்பாக வரவேண்டிய விடியல் முன்கூட்டியே வந்ததாகும், கடிகாரம் முந்தும். மரபணு எதுவும் கையில் இல்லாத காலத்தில், ஈக்கள் வெளிவரும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு ஆய்வாளர் வரைந்திருந்த கோடுகளின் பொருள் இவ்வாறு விளங்கியது.

1975இல் சந்திரசேகரன் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தில் இந்தியாவின் உயிர்க் காலவியல் ஆய்வு வேரூன்றியது. மதுரைக்கு அருகேயுள்ள குகை ஒன்றின் இருளில் வாழும் வௌவால்கள், வயல் எலிகள், காலத்தை அறிய வழியில்லாத அறையில் தாமாகவே முன்வந்து தங்கிய மனிதர்கள் என ஆய்வு விரிந்தது. ஒளி எட்டாத குகையிலும் வௌவால்கள் தம் கூட்டத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டு மாலையை அறிவதை அவரும் மாணவர்களும் 1981இல் எழுதினர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1979இல், அவருக்குச் சாந்தி சொரூப் பட்நாகர் பரிசு வழங்கப்பட்டது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் பொருள்வசதி இல்லாத இடத்தில், குகையையும் வயலையும் ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டதே மதுரை மரபின் தனித்தன்மை. 1990களில் அவர் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குச் சென்றபோது, அம்மரபு மீண்டும் ஈயைச் சந்தித்தது.

அங்குப் பரிணாம உயிரியலாளர் அமிதாப் ஜோஷி பராமரித்துவந்த ஈக்கூட்டங்கள் இருந்தன. அவை வேறொரு நோக்கத்துக்காக, அதாவது வாழ்நாளும் இனப்பெருக்கமும் எவ்வாறு பரிணமிக்கின்றன என்பதை அறிவதற்காக, நெடுங்காலமாக வளர்க்கப்பட்டவை. வெப்பம் 25 டிகிரி செல்சியஸ். விளக்கு எப்போதும் எரியும். இரவு என்பதே இல்லாத உலகில் அக்கூட்டங்கள் 600 தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்திருந்தன. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று மனிதக் கணக்கில் கொண்டால் இது 15,000 ஆண்டு. உழவு தோன்றுவதற்கும் முந்தைய காலத்திலிருந்து இன்றுவரை ஒரு மனிதக்குலம் இருளையே பாராமல் வாழ்ந்ததற்கு ஒப்பாகும்.

இக்கூட்டங்களின் அருமையை உணர்ந்து கேள்வி எழுப்பியவர்கள் வாசு ஷீபா, விஜய் குமார் சர்மா, சந்திரசேகரன், ஜோஷி ஆகியோர் அடங்கிய குழுவினர். பயன்படாத உறுப்பு தேய்ந்தழியும் என்பது பரிணாமத்தில் பலமுறை கண்ட செய்தி. குகை மீன்கள் கண்ணிழந்தன. காலத்தை அறிய வேண்டாத உலகில் கடிகாரமும் தேய்ந்திருக்க வேண்டாமா? இந்த ஈக்களை எடுத்து, அவற்றின் மூதாதையர் நூற்றுக்கணக்கான தலைமுறைகளாகக் காணாத பகலிரவுச் சுழற்சியில் வைத்தனர். கூட்டுப்புழுக்களிலிருந்து ஈக்கள் அச்சுழற்சிக்கு இயைந்து, நாளின் உரிய வேளையில் வெளிவந்தன. முழு இருளில் வைத்தபோதும் ஏறத்தாழ ஒருநாள் சுழற்சி தொடர்ந்தது. 1999இல் இம்முடிவு வெளியாயிற்று. பியூனிங்கின் 15 தலைமுறை, அவர் வழிவந்தோர் கையில் 600 தலைமுறையாக நீண்டிருந்தது.

கடிகாரம் ஏன் அழியவில்லை? வெளியுலகின் இரவு பகலுக்கு இயைவது மட்டுமே அதன் பயனாக இருந்தால், இவ்வளவு காலம் அது முழுமையாக நிலைத்திருப்பதற்குக் காரணம் காண்பது கடினம். உடலுக்குள் நிகழும் செயல்கள் ஒன்றோடொன்று மோதாமல் வரிசைப்படவும் அது உதவலாம் என்பது ஆய்வாளர் முன்வைக்கும் ஒரு விளக்கம். அடக்கவோ அழிக்கவோ வேண்டிய அளவு அது சுமையாக இல்லை என்பது மற்றொரு வாய்ப்பு. எவ்வாறாயினும், ஒளிக்கு ஈ காட்டும் எதிர்வினை அந்நேரத்து ஒளியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. நெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்த மூதாதையர் கண்ட விடியல்களும் அதற்குள் இருக்கின்றன.

மாற மறுக்கும் இக்கடிகாரமே மாறவும் கூடியது என்பதைச் சர்மாவின் குழு பின்னர் காட்டியது. காலையில் வெளிவரும் ஈக்களிடமிருந்து ஒரு குலத்தையும், மாலையில் வெளிவருபவற்றிடமிருந்து மற்றொரு குலத்தையும் பல பத்துத் தலைமுறைகள் தேர்ந்து வளர்த்தனர். 2007இல் வெளியான முடிவின்படி, காலைக் குலத்தின் கடிகாரம் விரைந்தது. மாலைக் குலத்தின் கடிகாரம் தாமதித்தது. ஒளிக்கு அவை எதிர்வினை காட்டும் முறையும் வேறுபட்டது. வைகறையில் எழுவோரும் நள்ளிரவுவரை விழித்திருப்போரும் ஒரே குடும்பத்தில் பிறப்பதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அதனைத் தேர்வால் உருவாக்கிக் காட்டியதே புதிது.

மரபு தரும் இவ்வெதிர்வினை ஓர் ஈயின் வாழ்நாள் முழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்து உணவுண்ணும் புழு ஒளியைக் கண்டால் விலகும்; பழத்தின் உட்பகுதியே அதற்குக் காப்பு. கூட்டுப்புழுவாக மாற இடம் தேடி அலையும் பருவத்தில் அவ்வெறுப்பு தணிகிறது. முதிர்ந்த ஈயாகிச் சிறகு விரிந்தபின் அதுவே ஒளியைத் தேடி ஓடுகிறது. 25 டிகிரியில் முட்டை முதல் முதிர்நிலை வரை சுமார் பத்து நாள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாத வாழ்வு. அதன் பிற்பகுதியில் ஒளிநாட்டம் படிப்படியாகக் குறைவதைப் பிரான்சின் எரிக் லெ பூர் 1990களில் அளந்து காட்டினார். கனடாவில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு முன்பே, மூப்பில் ஈயின் நடத்தைகள் அனைத்தும் ஒருசேர மங்குவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகவே மங்குகின்றன என்று கூறியிருந்தது.

முதிய ஈ ஒளிக்கு ஓடாதிருப்பது கண் மங்கியதாலா, கால் தளர்ந்ததாலா, ஓட வேண்டும் என்னும் உந்துதல் அடங்கியதாலா? வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். மெக்கீவன் 1918இல் விட்டுச்சென்ற கேள்விக்கு இங்கே இடமுண்டு. 2016இல் பியோர்ன் பிரெம்ப்ஸ் குழுவினர் பறக்க இயலாதபடி செய்யப்பட்ட ஈக்களை ஆராய்ந்தனர். அவை ஒளியைவிட இருளை நாடின. சிறகுகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து பின்னர் விடுவித்தபோது, ஒளிநாட்டம் திரும்பி வந்தது. பறக்க முடியும் என்றால் வெளிச்சம் தப்பும் வழி. முடியாது என்றால் வெளிச்சம் வேட்டையாடுவோர் கண்ணில் படும் இடம். ஈ தன் உடலின் நிலையை மதிப்பிட்டு ஒளியின் பொருளை முடிவு செய்கிறது. லோப் கண்ட இயந்திரம் இவ்வளவு நுட்பமானதன்று. முதுமையில் நாட்டம் குறைவதைக் குறைபாடு என்று மட்டும் படிப்பதற்குமுன், உடல் மாறியவுடன் நாட்டமும் மாற வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க இவ்வாய்வு இடம் தருகிறது.

ஒளி முதுமையை விரைவுபடுத்தவும் கூடும். 1972இல் பிட்டென்ட்ரியும் டோரத்தியா மினிஸும், 24 மணி நேர நாளில் வளர்ந்த ஈக்கள் 21 மணி, 27 மணி நாள்களிலும் தொடர் ஒளியிலும் வளர்ந்தவற்றைவிட நெடுநாள் வாழ்ந்ததாக எழுதினர். 2000இல் ஷீபா முதலியோர் தம் ஈக்களைத் தொடர் ஒளி, பகலிரவுச் சுழற்சி, முழு இருள் ஆகிய மூன்றிலும் வைத்து வாழ்நாளைக் கணக்கிட்டனர். தொடர் ஒளியில் வாழ்நாள் குறைந்தது. ஆனால் அவர்கள் அத்துடன் நில்லாமல் முட்டைகளையும் எண்ணினர். தொடர் ஒளியில் ஈக்கள் அதிக முட்டையிட்டன. ஒளி உயிரைக் குடித்தது என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய இடத்தில், அவ்விழப்பின் ஒரு பகுதி அடுத்த தலைமுறைக்குச் செலவிட்ட விலை என்று காட்டியது இந்த எண்ணிக்கை. வாழ்நாள் குறைந்தது என்னும் ஒரே எண்ணுக்குள் கேடும் உண்டு, ஈகையும் உண்டு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யத்விகா கீபுல்டோவிச் நடத்திய ஆய்வுகள் இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தன. மூத்த ஈக்களில் கடிகாரத்தின் வீச்சு குன்றுகிறது. கிரிப்டோகுரோமின் அளவும் குறைகிறது. மரபணுவின் துணையால் அப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்தபோது முதிய ஈக்களின் காலவொழுங்கு மீண்டும் வலுப்பெற்றது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாள்தோறும் 12 மணி நேரம் நீல ஒளியில் வைத்த ஈக்கள் விரைவில் மடிந்தன. அவற்றின் மூளையிலும் சிதைவு காணப்பட்டது. கண்களே இல்லாத பிறழ்வு ஈக்களும் இச்சிதைவுக்குத் தப்பவில்லை. ஒளியைக் காணாத உடலும் ஒளிக்கு எதிர்வினை காட்டுகிறது என்பது இதன் பொருள்.

இம்முடிவுகளைக் கொண்டு கைப்பேசித் திரையின் ஒளி மனித ஆயுளைக் குறைக்கும் என்று அறிவிப்பது பிழை. ஈயின் உடலுக்குள் ஒளி ஊடுருவும் அளவு வேறு. மனித உடல் வேறு. ஆய்வுக்கூட ஒளியின் செறிவு வேறு. ஈயிலிருந்து மனிதனுக்கு நேராகக் கடத்தக்கவை கேள்விகளே: இரவுப்பணி செய்வோர்க்கும், மருத்துவமனை விளக்கின்கீழ் பல நாள் கிடக்கும் முதியோர்க்கும் இருள் எவ்வளவு தேவை? வயது ஏற ஏற அத்தேவை கூடுமா, குறையுமா? காலவொழுங்கு பற்றிய பல மரபணுக்கள் ஈயிலும் மனிதரிலும் உறவுடையவை என்பதால் இக்கேள்விகள் வெறும் ஒப்புமையால் எழுந்தவை அல்ல.

சந்திரசேகரன் 2009இல் மறைந்தார். அவர் காலத்தில் வேரூன்றிய ஆய்வு இன்றும் பெங்களூரில் தொடர்கிறது. அதன் அடிப்படை மிகவும் எளிய உழைப்பு: சில வாரங்களுக்கு ஒருமுறை, விடுமுறையென்றும் பண்டிகையென்றும் பாராமல், ஈக்களைப் பழைய குப்பியிலிருந்து புதிய குப்பிக்கு மாற்ற வேண்டும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் அதற்குமுன் வாழ்ந்த அத்தனை தலைமுறையும் கைநழுவும். 600 என்னும் எண் ஒருவர் செய்த சோதனையால் வந்ததன்று. ஒருவர் பின் ஒருவராக வந்த ஆய்வு மாணவர்கள், பெரும்பாலும் தம் பெயர் எந்தக் கட்டுரையிலும் இடம்பெறாமலே, காத்துக் கைமாற்றியதால் வந்தது. உடனடிப் பயன் கேட்கும் காலத்தில் இத்தகைய கூட்டங்களைக் காப்பதற்கு நியாயம் சொல்வது எளிதன்று. வாழ்நாளை அறிய வளர்த்த ஈக்கள் காலத்தைப் பற்றிச் சான்று தந்தது அவற்றை எவரும் இடையில் கைவிடாததால்தான்.